பிள்ளை நலம்... தாய் நலமா?



கர்ப்பிணிப் பெண் ஒருவர் பரிசோதனைக்கு வந்தால், கூட வந்தவர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "டாக்டர், பிள்ளை நல்லா இருக்கா?" என்பதுதான். ஸ்கேன் படத்தை வாங்கிக்கொண்டு, இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டு மகிழ்ச்சியோடு போய்விடுவார்கள். "நீ எப்படி அம்மா இருக்கிறாய்?" என்று அந்தப் பெண்ணை யாரும் கேட்பதில்லை. உண்மையைச் சொன்னால், நாங்களும் பல நாள் கேட்காமல் விட்டிருக்கிறோம்.

ஆறு மாதக் கர்ப்பிணியான ஒரு தங்கை இரும்புச்சத்து மாத்திரை எழுதி வாங்க வந்திருந்தார். கணவர் மருந்து வாங்கப் போன நேரத்தில், "இரவில் தூக்கம் வருகிறதா?" என்று கேட்டோம். பதில் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. தம்மாமுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவருக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. கதவைத் திறந்தால் பேச ஒரு முகம் இல்லை. கண்ணாடியைப் பார்த்தால் கன்னத்தில் கரும்படை, வயிற்றில் கோடுகள். "இது நானா என்று இருக்கிறது டாக்டர்" என்றார். ஊரிலிருந்து போனில் வந்த விசாரிப்போ, "குங்குமப்பூ குடிக்கிறாயா? பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டும்" என்பதுதான்.

இதை "மசக்கைச் சோர்வு" என்று தள்ளிவிட முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும், பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள்ளும் பரிசோதித்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். கர்ப்ப காலத்திலும் மனச்சோர்வு இருந்தது. காரணங்களாக அவர்கள் கண்டவற்றில் குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை பிறப்பது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு ஆகியவற்றோடு, கை உதவிக்கு ஆள் இல்லாமையும் ஒன்று. சொந்தபந்தம் சூழ்ந்த கிராமத்திலேயே இந்த நிலை என்றால், நான்கு சுவருக்குள் ஏசி சத்தத்தோடு தனித்திருக்கும் நம் பெண்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். தன்னைக் கவனித்துக்கொள்வது சுயநலம் அல்ல என்பதைத் தாய்மார்கள் முதலில் நம்ப வேண்டும்.

தோற்றத்தைப் பற்றி முதலில் சொல்கிறோம். கரும்படையும், வயிற்றின் நடுவே தோன்றும் கருங்கோடும் ஹார்மோன் மாற்றத்தால் வருபவை. பிரசவத்துக்குப் பின் மாதங்கள் செல்லச் செல்ல பெரும்பாலும் மங்கிவிடும். இங்கே கடைகளில் கிடைக்கும் முக வெளுப்பு கிரீம்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. அது குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. குங்குமப்பூ பிள்ளையின் நிறத்தை மாற்றாது. கறுப்பாகப் பிறந்தால் என்ன குறை என்று பெரியவர்களும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பத்துக்கு முன் சரியான எடையில் இருந்த பெண்ணுக்கு 11.5 முதல் 16 கிலோ வரை எடை கூடுவது இயல்பு. "குண்டாகிவிட்டாய்" என்ற சொல்லை யாரும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

"இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்பதும் சரியல்ல. நான்காம் மாதத்திலிருந்து கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு சிறு கைப்பிடி வேர்க்கடலை அளவுதான். நம்மவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் அதிகம். டாக்டர் வி. சேஷையா குழுவினர் 2008இல் வெளியிட்ட தமிழ்நாட்டு ஆய்வில், நகர்ப்புறக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதம் பேருக்கு அது இருந்தது. எனவே குளுக்கோஸ் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமல் எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும். இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில், வெளியே போகாத பெண்களுக்கு வைட்டமின் டி குறைவதையும் அடிக்கடி காண்கிறோம். அதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

வேறு தடை இல்லாத கர்ப்பிணிகள் வாரம் 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது. குளிர்காலத்தில் மாலையில் கார்னிஷ் கடற்கரையில் நடக்கலாம். கோடையில் மால்களுக்குள் நடக்கலாம். 2018 ஜூன் முதல் பெண்கள் இங்கே கார் ஓட்டலாம் என்றாலும், நம் வீடுகள் பலவற்றில் கணவர் கூட்டிப்போனால்தான் வெளியே போக முடிகிறது. ஆகவே கணவன்மார்களுக்கும் சொல்கிறோம்: அந்த அரை மணி நேர நடையும் மருந்துதான். மருத்துவரிடம் வரும்போது, மொழி தெரிந்தவர் என்ற முறையில் எல்லாப் பதிலையும் நீங்களே சொல்லிவிடாதீர்கள். மனைவி தனியாகப் பேசவும் ஐந்து நிமிடம் விடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமை, காரணமில்லாத அழுகை, உறக்கமின்மை, தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம் இருந்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பேச்சு வழிச் சிகிச்சை உண்டு, தேவைப்பட்டால் கர்ப்ப காலத்தில் மருத்துவர் மேற்பார்வையில் எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, இரத்தப்போக்கு, கடும் தலைவலியோடு பார்வை மங்கல், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவை இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆம்புலன்ஸ் எண் 997.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அகதி முகாமில் வாழ்ந்த நாட்களில் எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் கர்ப்பிணி இருக்கும் குடிசையில் ஒருநாளும் அவளைத் தனியே விட்டதில்லை. பக்கத்துக் குடிசை அக்கா கஞ்சியோடு வருவார், இன்னொருவர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைப்பார். இங்கே நம்மிடம் எல்லாம் இருக்கிறது, அது ஒன்றைத் தவிர. சங்கத்தில் வளைகாப்பைச் சிறப்பாகச் செய்கிறோம், மகிழ்ச்சி. ஆனால் வளையல் போட்ட மறுநாள் அவள் மீண்டும் தனிமைதான். நம் குடும்பங்கள் முறை வைத்து, வாரம் ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு மாலை நடை, மருத்துவமனைக்குத் துணை என்று பகிர்ந்துகொண்டால் என்ன? பிரசவத்துக்குப் பின் நாற்பது நாளும் அது தொடரட்டும்.

அந்தத் தங்கைக்கு எங்கள் மருந்துச் சீட்டைவிட, அதே தெருவில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் அறிமுகமே அதிகம் உதவியது. அடுத்த முறை வந்தபோது சிரித்த முகத்தோடு வந்தார். இன்று உங்கள் கட்டடத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தால், கதவைத் தட்டி, பிள்ளையைக் கேட்பதற்கு முன் அவளை நலம் கேளுங்கள்.