அட்டைக் கிரீடமும் ஸ்பொஞ் வாளும்

"உதுகளுக்கு வேற வேலையில்லையே?"

பம்பலப்பிட்டியில் அண்மையில் நடைபெற்ற ஒரு கலியாண வீட்டில் என் காதில் விழுந்த கேள்வி இது. கேட்டவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர், மரியாதைக்குரியவர். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த அவருடைய பெறாமகன் தன் கைத்தொலைபேசியில் சில படங்களைக் காட்டிக்கொண்டிருந்தான். காட்டினுள் கூடாரங்கள். தோற் கவசம், வாள், கேடயம், கொடிகள். அவனும் நண்பர்களும் இல்லாத ஓர் இராச்சியத்தின் குடிகளாக இரண்டு நாட்கள் வாழ்ந்து, போரிட்டு, சமாதானம் பேசித் திரும்பியிருக்கிறார்கள். பெரியவரின் கேள்விக்குக் கூடியிருந்தோர் சிரித்தனர். பையன் தொலைபேசியை மடித்து வைத்துவிட்டான். அந்தச் சிரிப்புக்கு எதிராகவே இதனை எழுதுகிறேன்.

அவன் ஆடும் விளையாட்டுக்கு 'லைவ் அக்ஷன் ரோல் பிளேயிங்' என்று பெயர், சுருக்கமாக 'லார்ப்'. இதில் மேடை இல்லை. பார்வையாளர் இல்லை. எழுதி வைத்த வசனமும் இல்லை. ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரமாகவே பேசி, நடந்து, சண்டையிட்டு, தோற்று, வெல்வது. 1966 இல் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் சில நண்பர்கள் மத்தியகால வீரர்களாக உடுத்திக்கொண்டு வீட்டுத் தோட்டத்தில் சண்டையிட்டார்கள். அதிலிருந்து ஒரு பெரிய சங்கமே முளைத்தது. 1974 இல் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டு வெளிவந்தது. 1982 இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியிலுள்ள பெக்பேர்ட்டன் கோட்டையில், மேசையில் ஆடியதை உடலால் ஆடத் தொடங்கினார்கள். ஜேர்மனியில் இன்று ஆயிரக்கணக்கானோர் கூடும் கோடைகாலப் பெருவிளையாட்டுகள் நடக்கின்றன.

அந்தப் பெக்பேர்ட்டன் கோட்டை மத்தியகாலத்தது அன்று. 1840களில் ஒரு செல்வந்தர் தமக்காகக் கட்டத் தொடங்கிய மாளிகை அது. போலிக் கோட்டையில் போலி வாளோடு தொடங்கிய விளையாட்டு என்று நம்மவர் நகைக்கலாம். நகைக்குமுன் தங்கள் ஊரைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

மட்டக்களப்பில் ஒரு கூத்து எவ்வாறு தொடங்கும்? எந்தக் கதை என்று ஊர் கூடித் தீர்மானிக்கும். அண்ணாவியார் ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்து வேடம் பகிர்வார். பின்னர் 'சட்டம் கொடுத்தல்': அவரவர்க்குரிய பாட்டையும் வசனத்தையும் பிரித்து எழுதிக் கொடுப்பது. அதன்பின் மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். சதங்கை கட்டுதல், அடுக்குப் பார்த்தல் எல்லாம் முடிந்து, நான்கு பக்கமும் சனம் சூழ்ந்த வட்டக்களரியில் விடியும்வரை அரங்கேற்றம். பகலில் வயலில் நின்றவர் இரவில் கர்ணன். சிலருக்கு வேடத்தின் பெயரே ஆயுள் முழுவதும் பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும். அந்த ஊர்களில் எவரும் "உதுகளுக்கு வேற வேலையில்லையே" என்று கேட்டதில்லை.

கூத்துக்குப் பாட்டும் பார்வையாளரும் உண்டே, லார்ப்புக்கு அவை இல்லையே என்று நுட்பமாகக் கேட்போர் இருக்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் கொம்புமுறியைப் பார்க்கட்டும். கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த இவ்விளையாட்டில் ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒன்று கோவலன் பக்கம், மற்றது கண்ணகி பக்கம். வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொழுவி, கயிறு கட்டி இரு தரப்பும் இழுப்பார்கள். கொம்பு முறிந்த கட்சி தோற்ற கட்சி. பார்வையாளர் என்று ஒருவர் அங்கே எங்கே இருக்கிறார்?

கல்முனைக்கு அருகிலுள்ள பாண்டிருப்புக்குப் போங்கள். திரௌபதி அம்மன் கோயிலின் பதினெட்டு நாள் உற்சவத்தில் பாண்டவர் வேடம் தாங்கியோர் உண்மையான வீதிகளினூடாக வனவாசம் போகிறார்கள். அருச்சுனன் தவநிலைக்கு ஏறுகிறான். இறுதியில் தீமிதிப்பு. அந்நாட்களில் ஊரே பாரதமாகிறது. தமிழகத்தில் மணப்பாறைக்கு அருகே வீரப்பூரில், பொன்னர் சங்கர் கதையின் படுகளத்தில் பக்தர்கள் போரில் மாண்டவர்களாக நிலத்தில் வீழ்கிறார்கள். தங்காள் தண்ணீர் தெளித்து எழுப்பும்வரை எழுவதில்லை. இவை வழிபாடு, விளையாட்டு என்று அவற்றைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் சாதாரண மனிதன் சில நாட்களுக்கு வேறொருவனாக வாழ்ந்து பார்ப்பது நம்மவர்க்குப் புதிதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

"அது எங்கள் கதை, இது வெள்ளைக்காரன் கதை" என்பது அடுத்த வாதம். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க மக்களிடையே 'எண்டிறீக்கு எம்பரதோர்' என்றொரு நாடகம் வழங்கியது. பெயரைக் கவனியுங்கள். எண்டிறீக்கு என்பது என்றிக். எம்பரதோர் என்பது போர்த்துக்கேய மொழியில் பேரரசன். ஐரோப்பியச் சக்கரவர்த்தி ஒருவனைத் தமிழ்ப் பாட்டில் கொலுவீற்றிருக்கச் செய்தவர்கள் அந்தக் கிராமத்து மக்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இதனைப் பதிப்பித்து அச்சேற்றினார். ரொறன்ரோப் பையன் ஐரோப்பிய வீரனாக உடுத்துவது பண்பாட்டுத் துரோகம் என்றால், அந்தப் பழியை முதலில் மன்னார் அண்ணாவிமார்மீது போடுங்கள்.

அப்படியானால் இந்த ஏளனம் எங்கிருந்து வந்தது? என் எண்ணத்தில், நாம் ஆடுவோர் என்ற நிலையிலிருந்து பார்ப்போர் என்ற நிலைக்கு இறங்கியதிலிருந்து வந்தது.

வித்தியானந்தன் பேராதனையில் கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலி வதை ஆகியவற்றை மேடையேற்றியிராவிட்டால் படித்தவர்கள் கூத்தைத் திரும்பியே பார்த்திருக்கமாட்டார்கள். அந்தக் கடனை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. விடியவிடிய நடந்தது ஒன்றரை மணி நேரமாயிற்று. நாற்புறமும் திறந்த களரி, ஒருபுறம் மட்டும் திறந்த மேடையாயிற்று. மறுபுறத்தில் கதிரைகள் வந்தன. கதிரைகளில் நாம் வந்து அமர்ந்தோம். இன்று கூத்து என்றால் தமிழ்த் தினப் போட்டி, 'நாடகமும் அரங்கியலும்' பாடத்தின் ஒரு வினா, அமைச்சர் வரும் விழாவில் பத்து நிமிடம். பிள்ளை புள்ளிக்காக ஆடுகிறது. பெற்றோர் ஒளிப்படம் எடுக்கின்றனர். இதற்கு எதிராக மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர் மக்களும் செய்த கூத்து மீளுருவாக்க முயற்சி என் மதிப்புக்குரியது. கூத்தை ஆடுகிற சமூகத்திடமே அது திருப்பிக் கொடுக்க முயன்றது. அத்தகைய முயற்சிகள் மிகச் சில.

இனி, நான் இலேசாகத் தள்ளிவிட விரும்பாத ஒரு மறுப்பு. "உண்மையான போரைக் கண்ட சனம் நாங்கள். பிள்ளைகளின் கையில் வாளைக் கொடுத்துப் போர் விளையாடச் சொல்கிறீர்களா?" என்று ஒரு தாய் கேட்டால் எவரும் சிரிக்க முடியாது. 2009 மே மாதம் வரை நடந்ததை நாங்கள் அறிவோம். ஊரடங்கு நாட்களில் இரவுக் களரிகள் இருண்டதையும் அறிவோம். கொழும்பில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வளர்ந்த தலைமுறைக்குக் கூட்டமாகப் பையன்கள் நிற்பதைக் கண்டாலே இன்றும் வயிறு கலங்கும்.

ஆனால் அந்தத் தாய்க்கு நான் சொல்லும் பதில் இதுதான். இவ்விளையாட்டின் விதிகளைப் பாருங்கள் அம்மா. தலையில் அடிக்கக்கூடாது. ஓங்கிய கையை, அடி விழுமுன் தளர்த்திவிட வேண்டும். நிறுத்தச் சொல் ஒன்று உண்டு; எவர் அதைக் கூவினாலும் களம் முழுவதும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அடி பட்டதா என்பதை அடித்தவன் சொல்வதில்லை. பட்டவன் தானே ஒப்புக்கொள்வான். மாண்டவன் மாலையில் எழுந்து, தன்னைக் கொன்றவனோடு அமர்ந்து உணவு உண்பான். உண்மைப் போர் எம்மிடம் சம்மதம் கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லையும் அது கேட்கவில்லை. இந்த விளையாட்டு பழக்குவது கொல்வதை அன்று, நிறுத்துவதை.

இன்னொன்று. வேடம் என்றால் எதிரியின் வேடமும் உண்டு. துரியோதனனை ஒருவர் மனம் ஒன்றி ஆட வேண்டும். நம் கூத்தில் சனம் கண்ணீர் விட்டது கர்ணனுக்காக. இராவணேசனில் இராவணன் அவல நாயகனாகவே நின்றான். தோற்றவனின் நெஞ்சுக்குள் நின்று பார்க்கும் பயிற்சி இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குத் தேவையில்லை என்று எவர் சொல்வார்?

ஆகவே தொடங்க விரும்பும் இளையோருக்குச் சில வார்த்தைகள்.

ஆயிரம் பேர் வேண்டாம். பன்னிரண்டு பேர் போதும். அரண்மனை வேண்டாம், ஒரு தென்னந்தோட்டம் போதும். தொடர்மாடியில் வளர்ந்து, கடலைக் காலி வீதியிலிருந்து மட்டும் எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு அதுவே பெருங்காடு. வெளிநாட்டு வாளில் நார்க்கண்ணாடித் தண்டும், அதன்மேல் ஸ்பொஞ்சும், மேலே இறப்பர்ப் பூச்சும் இருக்கும். உங்களுக்கு மெல்லிய பிளாஸ்ரிக் குழாயும், தடித்த ஸ்பொஞ்சும், ஒட்டும் நாடாவும் போதும். குழாயின் முனை வெளியே தெரியாதபடி நன்றாக மூடிக் கட்டுங்கள். முதலில் உங்கள் முழங்காலில் அடித்துப் பாருங்கள். உங்களுக்கு நொந்தால் அது வாள் அன்று, பொல்லு. தோட்டக்காரரின் அனுமதியைப் பெறுங்கள். அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த நாட்டில் இது கோழைத்தனமன்று, புத்தி.

கதையை நீங்களே கட்டுங்கள். எல்லாளனையும் துட்டகைமுனுவையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உண்மை மன்னர்களை எடுத்தால் ஆட்டம் முடியுமுன் எவருடைய பாட்டன் தோற்றான் என்ற வழக்குத் தொடங்கிவிடும். கற்பனை நாட்டின் பெருமை, அங்கே எவருக்கும் பழைய கணக்கு இல்லை என்பதே. சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் அங்கே சமமாக வந்து ஒரு பெயர் எடுத்துக்கொள்ளலாம்.

கூத்திலிருந்து எடுக்க வேண்டியதை எடுங்கள்: அரசன் வரும்போது வரவுத் தரு பாடட்டும், மத்தளம் அடிக்கட்டும், கட்டியக்காரன் கூவட்டும். எடுக்கக்கூடாததை விட்டுவிடுங்கள். பெண் வேடத்தையும் ஆணே கட்டிய வழக்கம் வேண்டாம். பெண்பிள்ளைகள் படைத்தலைவிகளாக வரட்டும். இன்ன வீட்டுக்காரனுக்கே இராச வேடம் என்று சாதியும் காசும் தீர்மானித்த ஊர்கள் இருந்தன. அந்த அசிங்கம் உங்கள் இராச்சியத்தின் எல்லைக்கு வெளியே நிற்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வார இறுதியில் ஒரு ரியூசன் வகுப்பைக் குறைத்துவிட்டுப் பிள்ளையை அனுப்புங்கள். தைக்கத் தெரிந்த பாட்டி இருந்தால் உடுப்புத் தைத்துக் கொடுக்கட்டும். இயலுமானால் நீங்களும் போங்கள். ஆனால் கதிரை கொண்டு போகாதீர்கள். பார்ப்பதற்கு அங்கே இடமில்லை. ஒரு சந்தை வியாபாரியாகவோ, கிழட்டு மந்திரியாகவோ உங்களுக்கும் ஒரு வேடம் தருவார்கள்.