வயிறு நிறைந்தால் போதுமா?

"சத்தான ஆகாரம் சாப்பிடுங்கள்" என்று உழைப்பாளிக்கு உபதேசம் செய்வோர் பலர். எந்தக் கூலியில் வாங்குவது என்று அவர்கள் சொல்வதில்லை!

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. ரேஷன் அரிசி பட்டினியைத் தடுக்கிறது, உண்மை. ஆனால் அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு சத்தும் போய்விடுகிறதே!

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் இதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கம்பிலோ இரும்புச் சத்து அரிசியைவிடப் பல மடங்கு.

ருசிக்கும் குறைவில்லை. புளித்த கம்பங்கூழும் சின்ன வெங்காயமும், கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் நம் வீட்டுச் சாப்பாடுதான். வேலியோர முருங்கைக் கீரையை வதக்கி வேர்க்கடலைப் பொடி தூவுங்கள். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அது வீணாகும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

ஆனால், ஏழையின் கூழ் இன்று நகரத்துக் கடைகளில் பணக்காரர் பண்டமாகிவிட்டது. 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு ஈடாக அரிசியைக் குறைத்தார்கள். அரிசியைக் குறைக்காமலே எல்லா மாவட்டங்களுக்கும் கேழ்வரகும் கம்பும் வேண்டும். மானாவாரி விவசாயியிடம் நியாய விலைக்குக் கொள்முதல் செய்தால் அவனும் பிழைப்பான்.

தோழர்களே! ஆலைச் சங்கத்திலும் கிராம சபையிலும் இதைத் தீர்மானமாக்குங்கள். சத்துணவு தர்மமல்ல, உழைப்பவன் உரிமை!