பழைய காருக்கு மாற்று என்ஜினா?

கொட்டகைக் கதவைத் திறக்கிறார்கள். உள்ளே ஒரே இருட்டு. தார்ப்பாயை இழுத்ததும் தூசி பறக்கிறது. தூசிக்கு அடியில் ஒரு கார்!

இங்கிலாந்து நாட்டில் இப்படித் திறக்கப்படும் கொட்டகைகள் ஏராளம். 30 ஆண்டு, 40 ஆண்டு என்று ஒரே இடத்தில் நின்று போன கார்களை வெளியே இழுத்து, துடைத்து, மறுபடியும் ஓட வைப்பது அங்கே பலருக்குத் தீராத ஆசை. ஓய்வு பெற்றவர்களின் சேமிப்பும், பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமைகளும் அதிலேயே கரைந்து விடுகின்றன.

அப்படி நிற்கும் கார்களில் ஒன்று, "டிரையம்ப் ஸ்டாக்". ஸ்டாக் என்றால் கலைமான். 1970-ம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. 1977-ல் தயாரிப்பு நின்று விட்டது. மொத்தம் செய்தது 26 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. மேல் கூரையை மடக்கி விட்டு, 4 பேர் ஜம்மென்று காற்று வாங்கிக் கொண்டு போகலாம். 1971-ல் வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் கூட இந்தக் கார் தலை காட்டியது.

இதற்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியர். ஜியோவானி மிச்சலோட்டி என்பது அவர் பெயர். இந்தப் பெயர் நமக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் அவர் கை வண்ணம் நமக்குப் புதிதல்ல. சென்னையில் தயாராகி, 1960-களில் நம் தெருக்களில் ஓடியதே "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" கார், அதன் உருவத்தை வரைந்தவரும் இவரேதான்!

ஆவி கக்கிய கார்

அழகு இருந்து என்ன பயன்? ஸ்டாக் காருக்கு ஒரு கெட்ட பெயர் வந்து சேர்ந்தது. சூடேறி நடுரோட்டில் நின்று விடும் என்ற பெயர்.

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா ஆசையாக வாங்கிய கார். ஒரு கோடைக் காலத்தில், குழந்தைகளோடு கடற்கரைக்குப் போகும் வழியில், புசுபுசுவென்று ஆவி கக்கி நின்றது. கயிறு கட்டி இழுத்து வந்து கொட்டகையில் விட்டார். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. இப்போது அவருக்கு 80 வயது. அன்று பின் சீட்டில் உட்கார்ந்து அழுத பையனுக்கே தலை நரைத்து விட்டது. அப்பா இருக்கும்போதே அந்தக் காரில் அவரை ஒரு முறை அழைத்துப் போக வேண்டும் என்று மகன் துடிக்கிறான்.

உடனே நண்பர்கள் யோசனை சொல்ல வந்து விடுவார்கள். "அந்தப் பாழாய்ப் போன என்ஜினைத் தூக்கி எறி! வேறு என்ஜின் போடு!" என்பார்கள். ஸ்டாக் வைத்திருக்கும் எவரும் இந்தப் பேச்சுக்குத் தப்பியதில்லை.

அவசரப்பட்டு எறியலாமா? கூடாது. முதலில் அந்த என்ஜின் செய்த குற்றம் என்ன என்று விசாரிக்க வேண்டாமா?

குற்றவாளி யார்?

ஸ்டாக் காரில் இருப்பது 3 லிட்டர் "வி-8" என்ஜின். பக்கத்துக்கு 4 ஆக 8 சிலிண்டர்கள். இரு கைகளையும் மேலே விரித்துத் தூக்கியது போல அவை இரண்டு வரிசையாகச் சாய்ந்து நிற்கும். என்ஜினின் உடல், அதாவது பிளாக், வார்ப்பிரும்பு. மேலே மூடியிருக்கும் தலை, அதாவது ஹெட், அலுமினியம். சூடு பட்டால் இரும்பை விட அலுமினியம் அதிகம் விரியும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக் கொண்டு திண்டாடுவது காஸ்கெட். சூடு எல்லை மீறினால் ஹெட் வளையும், காஸ்கெட் போகும்.

சூட்டைத் தணிக்க வேண்டியது தண்ணீர். அந்தத் தண்ணீரை ஓட வைக்கும் பம்பை, இரண்டு வரிசைகளுக்கும் நடுவே உயரத்தில் வைத்து விட்டார்கள். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் மேட்டில் இருக்கும் பம்ப் என்ன செய்யும்? காற்றைத்தான் இழுக்கும். இங்கேயும் அதே கதைதான். தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் பம்ப் வெறுமனே சுற்றும். என்ஜின் கொதிக்கும்.

போதாக்குறைக்கு, வார்ப்படம் செய்த மண்ணைச் சரியாகச் சுத்தம் செய்யாமலே சில என்ஜின்களைத் தொழிற்சாலையிலிருந்து அனுப்பி விட்டார்கள். அந்த மண் போய் ரேடியேட்டரின் சிறு குழாய்களை அடைத்தது. துருவும் சேர்ந்து கொண்டது.

ஆனால் முழுப் பழியையும் தொழிற்சாலை மீது போடுவது நியாயம் அல்ல. இந்த என்ஜினுக்கு வெறும் தண்ணீர் ஆகாது. துரு பிடிக்காமல் தடுக்கும் மருந்து கலந்த தண்ணீரைக் கோடையிலும் குளிரிலும் ஊற்றி வர வேண்டும். எத்தனை பேர் செய்தார்கள்? டைமிங் செயினைச் சுமார் 30 ஆயிரம் மைலுக்குள் மாற்றி விட வேண்டும். எத்தனை பேர் மாற்றினார்கள்? செயின் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக் கொள்ளும். அப்புறம் என்ஜினை அள்ளத்தான் வேண்டும். கவனிக்காமல் விட்டவர்களும் "என்ஜின் மோசம்" என்றே சொன்னார்கள். சொல்லுக்கு வரியா, வட்டியா!

இரவல் என்ஜின்

இதற்கு மாற்றாகப் பலரும் சொல்வது ரோவர் கம்பெனியின் மூன்றரை லிட்டர் "வி-8" என்ஜின். நல்ல என்ஜின்தான், சந்தேகம் இல்லை. உண்மையில் இது அமெரிக்காவில் பிறந்தது. 1961-ல் பியூக் காரில் வந்தது. அமெரிக்கர்கள் அதைக் கைவிட்டதும், 1965-ல் ரோவர் கம்பெனி அதன் உரிமையை வாங்கியது. பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம். ஆகவே எடை குறைவு. 1967 முதல் ரோவர் கார்களிலும், பிறகு ரேஞ்ச் ரோவரிலும் பல்லாண்டு உழைத்தது.

வேடிக்கை என்ன தெரியுமா? 1967-லேயே ரோவர், டிரையம்ப் இரண்டும் ஒரே முதலாளியின் கீழ் வந்து விட்டன. அப்படியிருந்தும் ஸ்டாக் காருக்கு அந்த என்ஜினைக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று கார் பிரியர்கள் இன்னும் சண்டை போட்டுக் கொண்டிருக்கிறார்கள். கம்பெனி செய்யாததைப் பிற்காலத்தில் பட்டறைக்காரர்கள் செய்தார்கள். சிலர் போர்டு கம்பெனியின் 3 லிட்டர் "வி-6" என்ஜினைப் போட்டார்கள். சிலர் டிரையம்பின் சொந்த 6 சிலிண்டர் என்ஜினையே போட்டார்கள்.

என்ஜினை மாற்றுவது சட்டைக்குப் பித்தான் மாற்றுவது போல அல்ல. பழையது உட்கார்ந்த தாங்கிகள் புதியதற்குப் பொருந்தாது. வெட்டி ஒட்ட வேண்டும். அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி, ஸ்டீயரிங் பாகங்களில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பானெட் மூடுமா? புகைக் குழாய் எந்தப் பக்கம் போகும்? கியர் பாக்ஸ் சேருமா? சேராவிட்டால் அதையும் மாற்ற வேண்டும். அதை மாற்றினால் பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் தண்டின் நீளமும் மாறும். முன்பக்கத்து எடை குறைவதால் கார் மூக்கைத் தூக்கிக் கொண்டு நிற்கும். ஸ்பிரிங்கை மாற்று! ரேடியேட்டரை மாற்று! வயரிங்கை மாற்று! "ஒரு மாத வேலை" என்று தொடங்கியவர்கள், கழற்றிய காரைக் கழற்றியபடியே விற்று விட்டுப் போன கதைகள் அங்கே அநேகம்.

அரசாங்கக் காரியமும் உண்டு. காரின் பதிவுப் புத்தகத்தில் என்ஜின் எண்ணை மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லியாக வேண்டும்.

எது நியாயம்?

என்ஜினை மாற்றுவதே பாவம் என்று யாரும் சொல்ல முடியாது. நம் ஊரில் பெட்ரோல் அம்பாசிடரில் டீசல் என்ஜினைப் பொருத்தி ஓட்டிய டாக்சிக்காரர்கள் எத்தனையோ பேர். பெட்ரோல் விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். மாற்றினார்கள். அது பிழைப்பு. அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் இல்லை.

ஆனால் ஸ்டாக் வைத்திருப்பவருக்கு அது பிழைப்பு அல்ல. ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஓட்டிப் பார்க்கும் ஆசை. அந்த "வி-8" என்ஜினை வேறு எந்தக் காரிலும் டிரையம்ப் போடவில்லை. ஸ்டாக் ஒன்றுக்காகவே செய்த என்ஜின் அது. அதை எடுத்து விட்டால் உருவம் இருக்கும், குரல் போய் விடும். அந்தக் கிழவர் கேட்க நினைப்பது அந்தக் குரலைத்தான் அல்லவா?

பண விஷயத்திலும் கணக்கு மாறி விட்டது. ஒரு காலத்தில் ஸ்டாக் என்ஜினைத் திருத்த ஆள் கிடைக்காமல் ஜனங்கள் தவித்தார்கள். அன்று ரோவர் என்ஜினைப் போட்டது புத்திசாலித்தனம். இன்று இந்த என்ஜினைப் பிரித்துக் கட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் பட்டறைகள் அங்கே இருக்கின்றன. உதிரிப் பாகங்களும் கிடைக்கின்றன. பிளாக்கை நன்றாகக் கழுவி, நல்ல ரேடியேட்டர் போட்டு, ஹெட்டைச் சமமாக்கி, புது செயின் கோத்தால் இந்த என்ஜின் ஒழுங்காக ஓடுகிறது. சொந்த என்ஜினோடு இருக்கும் ஸ்டாக் காருக்குத்தான் பொதுவாக விலையும் கூடுதல்.

பழைய என்ஜின் காணாமலே போயிருந்தால்? அல்லது பிளாக் வெடித்துப் போயிருந்தால்? அப்போது தாராளமாக மாற்றலாம். முன்பு இருந்தவர் என்றைக்கோ ரோவர் என்ஜினைப் பொருத்தி, அது நன்றாகவும் ஓடிக் கொண்டிருந்தால், அதைப் பிடுங்கி எறிவதும் வீண் வேலைதான்.

மகன் செய்ய வேண்டியது

அந்த மகன் முதலில் பார்க்க வேண்டியது என்ஜினையே அல்ல, தகரத்தை! கதவுக்குக் கீழே, சக்கர வளைவுகளில், தரைத் தகட்டில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று தட்டிப் பார்க்க வேண்டும். உடம்பே உதிர்ந்து போயிருந்தால் எந்த என்ஜினைப் போட்டு என்ன? பிறகு பிரேக். இத்தனை ஆண்டு நின்ற காரில் அது இறுகிப் போயிருக்கும். டேங்கில் நாறிப் போன பெட்ரோல் இருக்கும். ரப்பர் குழாய்கள் தொட்டால் நொறுங்கும். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு, என்ஜின் எதுவானாலும் ஒன்றுதான்.

அதன் பிறகு என்ஜின். பாட்டரியைக் கட்டிச் சாவியைத் திருகும் ஆசை வரும். திருகவே கூடாது! 8 பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும். நாலு நாள் சும்மா விட வேண்டும். பிறகு முன்பக்கத்துப் புல்லியின் நட்டில் ஸ்பானரை மாட்டி, கையாலேயே மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அப்பாவையும் உட்கார வைத்துக் கொள்ளலாம். எந்த மழையில் எந்த ரோட்டில் நின்றது, கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினார், எந்தப் பக்கத்துக் குழாய் ஒழுகியது என்பதெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

என்ஜின் திரும்பினால் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கலாம். துரு பிடித்த ஸ்டட்டுகள் லேசில் விடாது, அதற்கே சில வாரம் ஆகும். திரும்பவே இல்லை என்றால், பட்டறைக்காரரை வரவழைத்து பிளாக்கைக் காட்ட வேண்டும். அவரும் கையை விரித்து விட்டால், ரோவர் என்ஜினுக்கு விலை கேட்க அப்போதும் நேரம் இருக்கிறது.