தேசியப் பறவையை மாற்றினால் மயில் வயலை விட்டுப் போகுமா?

நிலக்கடலை விதைத்த மறுநாளே சாலைக் கிளறி விதையைப் பொறுக்கிவிட்டுப் போகிறது மயில். நாற்றங்காலை மிதித்து நாசமாக்குகிறது. தக்காளியைக் கொத்திக் குதறுகிறது. ‘இதைப் போய்த் தேசியப் பறவையாக்கி வைத்திருக்கிறார்களே, மாற்றக் கூடாதா?’ என்று விவசாயிகள் நொந்துபோய்க் கேட்கிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால், மாற்றினால் சேதம் குறையுமா?

1963-ல் மயில் தேசியப் பறவையானது. பறவையியலாளர் சாலிம் அலி விரும்பியது கானமயிலை. ஒருகாலத்தில் தமிழகத்திலும் இருந்த அந்தப் பறவை, இன்று இந்தியாவில் இயற்கைச் சூழலில் 200-க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. அழியும் பறவைக்குப் பெருமை சேர்க்கலாம் என்று அதற்கு இடம் கொடுத்தாலும், நம் வயலில் எதுவும் மாறாது.

ஏனென்றால், மயிலைக் காப்பது பட்டம் அல்ல. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை. அந்த அட்டவணையில் உள்ள உயிரினத்தைப் பயிருக்குத் தீங்கு செய்வதாக அறிவித்துக் கொல்ல வழியில்லை. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். மருந்து கலந்த தானியத்தை வரப்பில் வைப்பவர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இலங்கையைப் பாருங்கள். அங்கே தேசியப் பறவை காட்டுக்கோழி. ஆனாலும் மயில், குரங்குத் தொல்லை தாங்காமல், 2025 மார்ச் 15 அன்று நாடு முழுவதும் ஐந்து நிமிடம் அவற்றை எண்ணிக் கணக்கெடுத்தார்கள். பட்டம் இல்லாத ஊரிலும் மயில் பயிரைத் தின்னத்தான் செய்கிறது.

நாவலூர் அடுக்குமாடிப் பக்கம் மயில் வந்தால் கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். அதே சாலையில் தெற்கே போய்த் திருப்போரூர் பக்கம் கடலை போட்டவருக்கு, அது விடிவதற்கு முன்பே எழுந்து காவல் காக்கும் வேலை. முருகன் கோயிலில் மயிலைக் கும்பிடுபவரும் அவரேதான். நாட்டின் பெருமை என்று ஒரு பறவையைக் காக்கிறோம் என்றால், அதன் தீனிச் செலவையும் நாடு ஏற்க வேண்டும். இரண்டு ஏக்கர்காரர் தலையில் மட்டும் அதைக் கட்டக் கூடாது.

அதற்கு இப்போது ஒரு வாசல் திறந்திருக்கிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், 2026 காரிப் பருவம் முதல் வன விலங்குச் சேதத்தையும் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்க்க மத்திய அரசு வழி செய்துள்ளது. எந்தெந்த விலங்கு, எந்தெந்தப் பகுதி என்று பட்டியலிட வேண்டியது மாநில அரசு. அந்தப் பட்டியலில் யானை, காட்டுப்பன்றியோடு மயிலும் கட்டாயம் இடம்பெற வேண்டும். பழைய சேத விவரங்களை வைத்தே பகுதிகள் முடிவாகும் என்பதால், உதவி வேளாண் அலுவலர்கள் கிராமவாரியாக மயில் சேதத்தை இன்றே பதிவு செய்யத் தொடங்க வேண்டும்.

விவசாயிகளும் பயிரைக் காப்பீடு செய்திருக்க வேண்டும். சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள், இடக்குறிப்புடன் கூடிய படத்தைக் காப்பீட்டுச் செயலியில் பதிவேற்ற வேண்டும் என்பது விதி. ‘மயில்தானே’ என்று விட்டுவிட்டால், கணக்கில் அந்தச் சேதம் நடக்கவே இல்லை என்றாகிவிடும்.

மயில் தேசியப் பறவையாகவே இருக்கட்டும். குறைதீர் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: காப்பீட்டுப் பட்டியலில் மயில் இருக்கிறதா?