பல்லில் புது எனாமல் வளருமா?

எலும்பு முறிந்தால் கூடுகிறது. தோல் கிழிந்தால் ஆறுகிறது. பல்லின் மேலுள்ள எனாமல் போனால் மட்டும் போனதுதான். அதை உண்டாக்கும் உயிரணுக்கள், பல் முளைக்கும்போதே வேலையை முடித்துக்கொண்டு மடிந்துவிடுகின்றன. பிறகு ரிப்பேர் செய்ய ஆள் இல்லை!

சீனாவில் ஹாங்ஜோ நகரின் செஜியாங் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் 2019-ல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கால்ஷியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த மிக நுண்ணிய திரள்களை, அமிலம் அரித்த பல்லின்மீது இட்டார்கள். 48 மணி நேரத்தில், அடியிலிருந்த எனாமலின் அதே வரிசையில் புதிய படிகங்கள் வளர்ந்தன. கடினத்திலும் பழையதற்கு இளைத்தவையல்ல.

இனிப் பல் அடைக்கவே வேண்டாமா? சற்றுக் கணக்குப் பார்க்க வேண்டும். வளர்ந்த படலத்தின் கனம் 2.5 முதல் 2.8 மைக்ரான். கடைவாய்ப் பல்லின் முனையில் எனாமல் சுமார் 2.5 மில்லிமீட்டர் இருக்கும். அதாவது வளர்ந்தது ஆயிரத்தில் ஒரு பங்கு! சொத்தைக் குழியை இதனால் நிரப்பப் பார்ப்பது, தூசியைத் தூவிக் கிணற்றைத் தூர்ப்பது போலத்தான்.

கனம் ஒன்றே தொல்லை அல்ல. எனாமலில் எடைக்கு 96 சதவிகிதம் தாதுப்பொருள். ஆயினும் அது வெறும் கல் அல்ல. மெல்லிய படிக இழைகள் கட்டுக்கட்டாகக் கூடி, பாய் முடைந்தாற்போல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரிசல் விட்டாலும் பாதியில் நின்றுவிடுவது இதனால்தான். இந்த முடைதலைச் செயற்கையில் கொண்டுவருவது எளிதல்ல.

பீஜிங்கின் பெய்ஹாங் சர்வகலாசாலையினர் 2022-ல் வேறு பாதையில் சென்றார்கள். படிக இழைகளுக்கு ஜிர்கோனியம் ஆக்ஸைடு பூசி, பிசின் போன்ற பொருளில் கலந்து உறையவைத்து, ஒரே திசையில் அடுக்கினார்கள். இந்தப் பொருள் இயற்கை எனாமலையும் மிஞ்சுவதாக அறிவித்தார்கள். ஆனால் இது பல்லில் வளர்வதல்ல. சோதனைச்சாலையில் செய்து எடுப்பது. பிரிட்டனில் நாட்டிங்காம் சர்வகலாசாலையினர் 2025-ல் புரதக் களிம்பு ஒன்றைத் தடவி எனாமலை வளர்த்தது, பிடுங்கிய பற்களில்.

இதில் அவசரத்துக்குக் காரணம் உண்டு. பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பை, மருத்துவ அவசியம் இருந்தாலன்றி, 2025 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய யூனியன் தடை செய்துவிட்டது. பாதரசம் சுற்றுப்புறத்துக்கு விஷம் என்பது வாஸ்தவம். ஆனால் அந்த அடைப்பு மலிவு. பல வருஷம் தாங்கும். உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய்நோய் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஏழை, நடுத்தர நாட்டினர். பிடுங்கிய பல் முறுக்குக் கடிப்பதில்லை. சுடச்சுடக் காப்பி குடிப்பதுமில்லை. உயிருள்ள வாயில் புது எனாமல் எத்தனை வருஷம் நிற்கும், அதற்கு என்ன விலை சொல்வார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியவேண்டிய விஷயம்.