'எந்திரிங்க, கொஞ்சம் நடங்க!' - போனுக்கு வரும் ஒரு மெசேஜ் இளைஞர்களை நடக்கவைக்குமா?

வங்கி ஓ.டி.பி., ரீசார்ஜ் நினைவூட்டல், 'லோன் வேணுமா?' விளம்பரம்... நம்ம போன் இன்பாக்ஸை இன்னைக்கு யாரும் ஆசையா திறந்து பார்க்கிறதில்லை. ஆனால், அந்த இன்பாக்ஸை வைத்தே மக்களை நடக்கவைக்க முடியுமா என்று பல நாடுகளில் மருத்துவ ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வரி மெசேஜ், சேரில் ஒட்டிக்கொண்டிருக்கும் நம்மை எழுப்பிவிடுமா?

விளையாட்டான கேள்வி இல்லை இது. 2024-ல் 'தி லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்களின் அறிக்கை ஒன்று வெளியானது. 2022 நிலவரப்படி, இந்தியாவில் 18 வயதைத் தாண்டியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் போதிய உடலியக்கம் இல்லாமல் இருக்கிறார்கள் என்கிறது அது. ஆண்களில் 42%, பெண்களில் 57%. இதே போக்கு தொடர்ந்தால், 2030-ல் இது 60 சதவிகிதத்தைத் தொடலாம் என்றும் எச்சரிக்கிறது. 'போதிய' என்றால் ஜிம்மில் வெயிட் தூக்குவது இல்லை. வாரத்துக்கு 150 நிமிடங்கள் வேகமாக நடந்தாலே போதும். அதாவது, ஒரு நாளைக்கு சுமார் 22 நிமிடங்கள். ஒரு எபிசோடு வெப் சீரிஸைவிடக் குறைவு!

சென்னை டாக்டர்களின் எஸ்.எம்.எஸ் சோதனை

இந்த விஷயத்தில் நம்ம ஊருக்கு முக்கியமான இடம் உண்டு. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு நிபுணர் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 537 ஆண்களை இரண்டு ஆண்டுகள் கண்காணித்தது. ஒரு தரப்புக்கு ஆரம்பத்தில் ஆலோசனை மட்டும். இன்னொரு தரப்புக்கு ஆலோசனையோடு, உணவு, உடற்பயிற்சி பற்றிய எஸ்.எம்.எஸ்-களும் தொடர்ந்து போயின. 2013-ல் வெளியான முடிவின்படி, மெசேஜ் கிடைக்காதவர்களில் 27% பேருக்கு சர்க்கரை நோய் வந்தது. மெசேஜ் கிடைத்தவர்களில் 18% பேருக்குத்தான் வந்தது.

நல்ல முடிவுதான். ஆனால், இரண்டு விஷயங்களைக் கவனிக்கணும். உணவு பற்றிய மெசேஜ்களும் இதில் அடக்கம் என்பதால், மொத்தப் பலனையும் நடைப்பயிற்சியின் கணக்கில் எழுத முடியாது. அடுத்து, பங்கேற்றவர்கள் 35 வயதைக் கடந்தவர்கள். 'உங்களுக்கு சர்க்கரை வரப்போகுது' என்று டாக்டரே சொல்லிவிட்டதால் பயமும் இருந்திருக்கும். காலேஜ் முடித்து, வேலையில் சேர்ந்து, நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்காரும் 24 வயதுக்காரருக்கு அந்தப் பயம் எங்கே இருக்கு? 'அதெல்லாம் 40-க்கு மேல பார்த்துக்கலாம் ப்ரோ' என்பதுதான் அந்த வயசு.

எல்லாருக்கும் ஒரே மெசேஜ்னா வேலைக்கு ஆகாது

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஒரு சிறிய சோதனையில் 48 பேர் பங்கேற்றார்கள். ஒருவர் அன்றைக்கு எவ்வளவு நடந்திருக்கிறார் என்பதை ஒரு கருவி கணக்கிட, அதற்கேற்ற மெசேஜ் அவருக்குப் போனது. மெசேஜ் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஒரு நாளைக்குச் சராசரியாக 2,534 அடிகள் அதிகம் நடந்தார்கள். கருவியை மட்டும் மாட்டிக்கொண்டு, மெசேஜ் பெறாதவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. ஸ்மார்ட் வாட்ச் வாங்கியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் கவனிக்க!

அங்கேயே 'ஹார்ட்ஸ்டெப்ஸ்' என்ற ஆப்பை வைத்து 44 பேரிடம் ஆறு வாரங்கள் ஒரு சோதனை நடந்தது. 'இப்போ நடந்துட்டு வாங்க' என்ற நோட்டிஃபிகேஷன் வந்ததும், அடுத்த அரை மணி நேரத்தில் அவர்கள் எடுத்துவைத்த அடிகள் ஆரம்பத்தில் இரண்டு மடங்குக்கும் மேலானது. நாள்கள் போகப் போக அந்த வேகம் குறைந்தது. மொத்தமாகப் பார்த்தால் சராசரி உயர்வு 24 சதவிகிதம்தான். தினமும் அடிக்கும் அலாரத்தை ஒரு கட்டத்தில் தூக்கத்திலேயே அணைக்கப் பழகிவிடுகிறோமே, அதே கதைதான்.

ஆக, மெசேஜ் ஒரு தள்ளு வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிற தள்ளு மாதிரி. கிளப்பிவிடும். ஓட்டிக்கொண்டு போவது அதன் வேலை இல்லை.

நடக்க இடம் எங்கே?

பெண்களின் 57% என்ற கணக்கை மறுபடி பாருங்கள். வேலை முடிந்து, பஸ் பிடித்து, ராத்திரி எட்டு மணிக்கு வீடு வரும் ஒரு பெண்ணின் போனில், 'இன்னும் 3,000 அடிகள் பாக்கி' என்று வந்தால் என்ன செய்வார்? தெரு விளக்கு எரியவில்லை, நடைபாதை முழுக்க பைக்குகள், சமையல் வேறு காத்திருக்கிறது. அந்த மெசேஜ் அவருக்கு ஊக்கம் தராது, குற்ற உணர்ச்சியைத்தான் தரும். குறை அவருடைய சோம்பலில் இல்லை. தெருவிலும், வீட்டு வேலை பங்கிடப்படும் விதத்திலும் இருக்கிறது.

தமிழக அரசு 2023 நவம்பரில், 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கியது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால், தினசரி நடை என்பது வீட்டு வாசலில் ஆரம்பிக்கிற விஷயம். பக்கத்துத் தெருவில் பயமில்லாமல் நடக்க முடிந்தால்தான், போனில் வரும் வரிக்கு அர்த்தம் இருக்கும்.

நாமே என்ன செய்யலாம்?

ஆப்புக்குக் காசு கட்ட வேண்டாம். 'குட் மார்னிங்' படங்கள் குவியும் பெரிய வாட்ஸ்அப் குரூப்பும் வேண்டாம். ஒரே ஒரு ஃப்ரெண்டைப் பிடியுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆபீஸ் முடிந்ததும் என உங்கள் இருவருக்கும் தோதான நேரத்தைப் பேசி முடிவு செய்யுங்கள். அறிவுரை அனுப்பாமல், 'கிளம்பிட்டியா?' என்று கேள்வியாக அனுப்புங்கள். சலிப்பு தட்டினால் நேரத்தையோ, நடக்கும் பாதையையோ மாற்றுங்கள். முடிந்தால், சேர்ந்தே நடங்கள். அப்புறம் மெசேஜே தேவைப்படாது!