பெயர் போடுங்கள், அய்யா!

சினிமாவுக்குப் போகிறீர்கள். டைட்டிலில் கதை, கேமரா, எடிட்டிங், ஸ்டன்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் ஓடுகிறது. படம் சொதப்பினால் யாரைத் திட்டுவது என்று தெரியும். நஷ்டம் என்ன? இரண்டரை மணி நேரம், டிக்கெட் காசு, ஒரு பாப்கார்ன்.

ரோலர் கோஸ்டரில் ஏறுகிறீர்கள். நாற்பது மாடி உயரம். மணிக்கு நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகம். இங்கே சொதப்பினால் நஷ்டம் பாப்கார்னோடு நிற்காது. இதை வடிவமைத்தவர் யார்? கணக்குப் போட்டவர் யார்? 'ஓடலாம்' என்று கையெழுத்துப் போட்டவர் யார்? தேடிப் பாருங்கள். உயரம் இருக்கும், வேகம் இருக்கும், 'உலகத்திலேயே முதல்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இருதய நோயாளிகள் ஏற வேண்டாம் என்று உங்கள் பொறுப்பையும் மறக்காமல் எழுதியிருப்பார்கள். தயாரித்த கம்பெனியின் பெயர் ஏதாவது மூலையில் சின்னத் தகட்டில் இருந்தால் அதிகம்.

வெர்னர் ஸ்டெங்கல் என்று ஒரு ஜெர்மன் இன்ஜினீயர். கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1895-ல் நியூயார்க் கோனி ஐலண்டில் 'ஃப்ளிப் ஃப்ளாப்' என்ற வண்டியை அச்சு அசல் வட்டத்தில் தலைகீழாகச் சுற்றவிட்டார்கள். வளையத்துக்குள் நுழைந்த கணத்திலேயே கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு உடம்பை அழுத்தியது. பிற்பாடு ஸ்டெங்கல் போட்ட கணக்கு வேறு. வளையம் வட்டமாக இருக்கக் கூடாது. கீழே அகலமாக, மேலே குறுகலாக, தண்ணீர்ச் சொட்டு மாதிரி இருக்க வேண்டும். 1976-ல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுன்ட்டனில் 'ரெவல்யூஷன்' அந்தக் கணக்கில்தான் எழுந்தது. இன்றைக்குத் தலைகீழாகச் சுற்றிவிட்டு நீங்கள் சிரித்துக்கொண்டே இறங்குவது அந்த வளைவின் புண்ணியம். ஆனால், வரிசையில் நிற்கும் ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு அந்த மனுஷனின் பெயர் தெரிந்தால் ஆச்சரியம்.

எதற்கு இந்த அங்கலாய்ப்பு, பாராட்டு விழா நடத்தவா என்று கேட்பீர்கள். இல்லை. பெயர் இருக்கும் இடத்தில்தான் பொறுப்பும் இருக்கும். பெயரை ஒளித்து வைத்தால் பொறுப்பும் சேர்ந்து ஒளிந்துகொள்ளும்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சீடார் பாயின்ட் பூங்கா. அங்கே 2003-ல் 'டாப் த்ரில் டிராக்ஸ்டர்' திறந்தார்கள். 420 அடி. கட்டியது இன்டமின் கம்பெனி. 2021 ஆகஸ்ட்டில், ஓடும் வண்டியிலிருந்து ஓர் உலோகத் துண்டு பிய்த்துக்கொண்டு பறந்து, கீழே வரிசையில் நின்ற பெண்ணின் தலையில் விழுந்தது. படுகாயம். ஏறியவர்கூட இல்லை, ஏறக் காத்திருந்தவர்! விசாரித்தது யார் தெரியுமா? ஒஹாயோ விவசாயத் துறை. சிரிக்காதீர்கள், அங்கே ராட்டினங்களுக்கும் அவர்கள்தான் பொறுப்பு. பூங்கா சட்டத்தை மீறியதற்கு ஆதாரம் இல்லை என்று 2022-ல் அறிக்கை வந்தது. சரி, துண்டு தானாகவா பறந்தது?

அதே கோபுரத்தை வைத்துக்கொண்டு, இத்தாலியின் ஜாம்பெர்லா கம்பெனியிடம் புது வண்டிகள் வாங்கி, இன்னொரு கோபுரமும் எழுப்பி, 2024 மே மாதம் 'டாப் த்ரில் 2' என்று திறந்தார்கள். சுமார் ஒரு வாரம் ஓடியது. வண்டிகளை மாற்றியமைக்க வேண்டும் என்று மூடினார்கள். அந்த வருஷம் முழுக்கத் திறக்கவில்லை. மறுபடி ஓடியது 2025-ல். இப்போது சொல்லுங்கள், இது யாருடைய ரைடு? பழைய கோபுரம் ஒருவருடையது, புது வண்டி இன்னொருவருடையது, விளம்பரம் பூங்காவுடையது. காத்திருந்து ஏமாந்தது மட்டும் ஜனங்களுடையது.

நியூஜெர்சியின் 'கிங்டா கா' கதையும் இதுவே. 456 அடி. 2005 மே மாதம் திறப்பு, ஜூன் மாதம் மூடல், ஆகஸ்ட்டில் மறுபடி திறப்பு. புது ரைடு என்றால் பரிசோதனை ஓட்டம் என்று அர்த்தம். அதில் தப்பில்லை. பரிசோதனைக்கு நம்மிடம் முழு டிக்கெட் வாங்குகிறார்களே, அதுதான் தப்பு.

பெயர் வெளியே தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. கான்சாஸ் நகரில் 2014-ல் ஒரு தண்ணீர்ச் சறுக்கு திறந்தார்கள். 168 அடி. 'ஃபெர்ரூக்ட்' என்று பெயர். ஜெர்மன் மொழியில் 'பைத்தியம்' என்று பொருள். உலகிலேயே உயரமானது என்று கின்னஸ் சான்றிதழ். உருவாக்கியவர்கள் பெருமையாகக் கேமரா முன்னால் நின்றார்கள். 2016 ஆகஸ்ட்டில் ரப்பர் படகு காற்றில் எழும்பி, மேலே வலையைத் தாங்கிய இரும்பு வளையத்தில் மோதி, பத்து வயதுச் சிறுவன் இறந்துபோனான். வடிவமைத்தவர்களுக்கு இன்ஜினீயரிங் தகுதி இல்லை, டி.வி. நிகழ்ச்சிக்காக அவசரப்பட்டார்கள் என்றது 2018-ல் வந்த குற்றப்பத்திரிகை. ஜூரிகளுக்குக் காட்டக் கூடாத சாட்சியங்களைக் காட்டிவிட்டார்கள் என்று 2019-ல் வழக்கே தள்ளுபடி ஆனது. அந்தச் சறுக்கு கட்டப்பட்டபோது, பூங்காவே தன் ரைடுகளைத் தானே பரிசோதித்துக்கொள்ளச் சட்டம் அனுமதித்தது! மாணவனே பேப்பர் திருத்தி மார்க் போட்டுக்கொள்கிற மாதிரி. குழந்தை செத்த பிறகு, 2017-ல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

ஆக, புகழுக்குப் போடும் பெயர் வேறு. பொறுப்புக்குப் போடும் கையெழுத்து வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நமக்கு. ரைடு பாதியில் நின்றால் கத்துகிறோம். 'காசு குடுத்திருக்கோம்ல, ஓட்டுய்யா!' இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 'ஸ்மைலர்' என்று ஒரு ரைடு. பதினான்கு முறை தலைகீழ், அதுவும் உலக சாதனை. 2015 ஜூன் 2-ம் தேதி காலி வண்டி ஒன்று பாதையில் சிக்கி நின்றது. முன்னால் வண்டி நிற்கும்போது பின்னால் வருவதைக் கம்ப்யூட்டர் விடாது. அன்றும் விடவில்லை, ஒழுங்காக நிறுத்தியது. கம்ப்யூட்டருக்குத்தான் கோளாறு என்று நினைத்து மனிதர்கள் அதை மீறி ஓட்டினார்கள். ஆட்கள் நிரம்பிய வண்டி காலி வண்டியில் மோதியது. பதினாறு பேருக்குக் காயம், இரண்டு இளம்பெண்களுக்குக் கால் போயிற்று. சரியான நடைமுறை வகுத்துக் கொடுக்காத கம்பெனிக்கு 2016-ல் ஐம்பது லட்சம் பவுண்ட் அபராதம். நின்ற ரைடு ஆபத்தில்லை, சார். நிற்க வேண்டிய நேரத்தில் ஓடுகிற ரைடுதான் எமன்.

அதனால், நின்றதற்காகக் கோபப்படாதீர்கள். ஏன் நின்றது என்று சொல்லாததற்குக் கோபப்படுங்கள். 'தொழில்நுட்பக் காரணங்கள்' என்பது காரணமே அல்ல. கதவைச் சாத்தும் சத்தம்.

நான் கேட்பது பெரிய சமாசாரம் இல்லை. வாசலில் ஒரு பலகை. வடிவமைத்தவர், கணக்குப் போட்டவர், தயாரித்தவர், பூங்காவின் சம்பளம் வாங்காமல் பரிசோதித்தவர் என்று நான்கு பெயர். கடைசியாகப் பரிசோதித்த தேதி. புது ரைடு என்றால் இதுவரை எத்தனை நாள் ஓடியது, எத்தனை நாள் நின்றது, எதனால். ஓடாத நாளில் வந்தவருக்குக் காசில் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கட்டும். உயரத்தை எழுத இடம் இருக்கிறவர்களுக்கு இதற்கும் இடம் இருக்கும்.

குக்கர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் புரட்டிப் பார்க்கிற ஆட்கள் நாம். பெற்ற பிள்ளையை நானூறு அடி உயரத்தில் ஏற்றும்போது மட்டும் கூச்சம் எதற்கு? கேளுங்கள். 'கையெழுத்துப் போட்டது யாரு?' என்று கேளுங்கள். 'உலகத்திலேயே பெருசு சார்' என்று பதில் வந்தால், பிள்ளைக்கு ஒரு பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.